பிறப்புக்கு விலை உண்டோ?

அயர்லாந்து தேசத்துக் குதிரை லாயம் ஒன்றில் ஊழியம் புரியும் நம் சங்கத்து இளைஞர் ஒருவர், சென்ற ஆடி மாதத்தில் நமக்கு ஒரு கடிதம் விடுத்தார். அவர்தம் தந்தையார் நம்மோடு ஒரே ஆலையில் நூல் நூற்றவர். நம்மோடு ஒரே நாளில் திரிசரணம் ஏற்றவர். ஆதலின் அப்பிள்ளை நம்மைப் ‘பெரியப்பா’ என்றே விளிப்பார். கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. அவற்றுக்கு நாம் எழுதிய மறுமொழி சுருக்கமானது. அனுப்பிய பின்னரும் கேள்விகள் நம்மை விட்டு அகலாமையால், உபாசகர்கள் அனைவரும் சேர்ந்து எண்ணிப் பார்க்கும் பொருட்டு இங்கே விரித்துரைக்கத் துணிந்தோம்.

குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பௌத்தர் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சம்பள நாளில் ஆலை வாயிலில் நின்று, மனைவி மக்களுக்குரிய கூலியைப் பந்தயச் சீட்டில் இழந்து வெறுங்கையோடு வீடு சென்றவர்களை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். சூதினால் விளையும் ஆறு கேடுகளைப் பகவான் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு எடுத்துரைத்தார். அதில் ஐயத்திற்கு இடமில்லை. அதனைப் பற்றி இங்கே பேசப் போவதுமில்லை. பேச வந்தது குதிரையின் விலையைப் பற்றி.

நம் இளைஞர் பணி புரியும் லாயத்தில் வளர்க்கப்படுபவை சமதளத்தில் ஓடும் குதிரைகள் அல்ல; வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டி ஓடுபவை. இவ்வகைப் பந்தயம் அயர்லாந்திலேயே தோன்றியது என்பர். 1752ஆம் ஆண்டு கார்க் மாவட்டத்தில் இரு கனவான்கள், பட்டவன்ட் என்னும் ஊரின் மாதாகோயிலிலிருந்து டோனெரெயில் என்னும் ஊரின் மாதாகோயில் வரையில், இடையில் வந்த வேலி, ஓடை, கல்மதில் யாவற்றையும் தாண்டிக் குதிரை விட்டனர். ஏறக்குறைய நாலரை மைல் தூரம். தொலைவில் தெரியும் கோபுரமே குறி. அதனாலேயே இதற்குக் கோபுர ஓட்டம் என்று பொருள்படும் பெயர் ஆங்கிலத்தில் நிலைத்தது.

இப்பந்தயத்திற்குரிய இளங்குதிரைகளை வாங்குவதற்கு ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், கில்டேர் மாவட்டத்தில் கில் என்னும் ஊரிலும், மீத் மாவட்டத்தில் ஃபேரிஹவுஸ் என்னும் இடத்திலும் பெரிய ஏலங்கள் கூடுகின்றன. ஏலத்திற்கு வருபவை மூன்று வயதுக் குட்டிகள். அத்தேசத்தார் அவற்றை ‘ஸ்டோர்’ என்பர். வளரட்டும் என்று விட்டு வைக்கப்பட்டவை என்பது கருத்து. அவை பந்தயம் கண்டதில்லை. பெரும்பாலானவற்றின் முதுகில் ஆள் ஏறி ஓட்டியதும் இல்லை. பலவற்றுக்குப் பெயரும் இல்லை. ஏலப் பட்டியலில் ஓர் எண். இன்ன தகப்பனுக்கும் இன்ன தாய்க்கும் பிறந்தது என்று ஒரு வரி. அதன் கீழே தாய், தாயின் தாய், அவள் தாய் என்று மூன்று தலைமுறைப் பெண்வழியும், அவ்வழியில் பிறந்து வென்றவற்றின் பெயர்களும். பெரிய பந்தயங்களில் வென்ற உறவினரின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகும். பக்கத்தில் தடித்த எழுத்துக்கள் எத்தனை மிகுமோ அத்தனை விலையும் மிகும். குட்டியின் பின்தொடையில் எண் ஒட்டி, கயிறு பிடித்து வட்டத்தில் நடத்திக் காட்டுவர். வாங்க வந்தவர் அதன் நடையையும் முழங்காலையும் குளம்பையும் பார்ப்பர்; மருத்துவர் கண்ணையும் மூச்சுக் குழலையும் எலும்பின் படத்தையும் பார்ப்பார். எனினும், ஏலம் கூறுவோன் வாயைத் திறக்கும் முன்பே விலையின் பெரும்பகுதி பட்டியலில் எழுதப்பட்டு விடுகிறது என்று நம் இளைஞர் எழுதியுள்ளார்.

பிரெஞ்சு தேசத்தாரின் வழக்கம் சிறிது வேறு. அங்கே இளங்குதிரையை விரைவாகப் பழக்கி, மூன்று வயதிலேயே பாரிஸ் நகரத்து ஒதேய் களத்தில் சிறு தடைகளைத் தாண்ட விடுவர். ஆகவே பிரெஞ்சுக் குதிரையை வாங்குபவர், ஓடிக் காட்டியதற்கு விலை கொடுக்கிறார். அயர்லாந்தில், ஸ்டோர் குட்டியை வாங்கிய வியாபாரி அதனை ஓராண்டு பழக்கி, நான்கு வயதில் கிராமத்துக் குடியானவர்களும் அமெச்சூர்களும் கூடி நடத்தும் பந்தயத்தில் ஒரு முறை ஓட விடுவார். வென்றால் சில கிழமைகளுக்குள் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று பன்மடங்கு விலைக்கு விற்று விடுவார். 2020ஆம் ஆண்டு ஜோன்பான் என்னும் பிரெஞ்சுப் பிறப்புடைய குதிரை, அத்தகைய ஒரே ஒரு வெற்றிக்குப் பின் 5,70,000 பவுனுக்கு விற்கப்பட்டது. புகழ்பெற்ற ஒரு குதிரைக்கு அது உடன்பிறந்த தம்பி. பின்னாளில் அதுவும் பெரிய பந்தயங்களை வென்றது என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம். நமக்கு ஒவ்வாத உண்மையை ஒளித்து வைத்து வாதாடுவது தம்மத்தைச் சார்ந்தவர்க்கு அழகன்று.

இனி, முதற் கேள்விக்கு வருவோம். சென்ற ஜூன் மாதத்து ஏலத்தில், நல்ல குடிப்பிறப்புடையது என்று எழுதப்பட்ட குட்டி ஒன்று பெருவிலைக்குப் போயிற்றாம். நம் இளைஞர் கயிறு பிடித்து நடத்தி வந்த குட்டிக்கோ, அடிவிலை கேட்பதற்கும் ஆள் இல்லை. அவ்வேளை அருகில் நின்ற வேறொரு இந்தியர், அதே லாயத்தில் ஊழியம் புரிபவர், தம் குலத்தைப் பற்றிப் பெருமை பேசுபவர், சிரித்துக்கொண்டே, “பார்த்தாயா, எங்கே போனாலும் பிறப்புக்குத்தான் விலை. குதிரைக்குச் சாதி உண்டு என்று வெள்ளைக்காரனே ஒப்புகிறான். மனிதனுக்கு மட்டும் இல்லையென்று உங்கள் அம்பேத்கர் சொன்னால் ஆயிற்றா?” என்றாராம். “எனக்கு மறுமொழி வரவில்லை, பெரியப்பா. இரவெல்லாம் உறக்கமில்லை” என்று பிள்ளை எழுதியிருந்தார்.

இக்கேள்வி புதியதன்று. நாம் சிறு பிராயத்தில் தேநீர்க் கடையிலும் திண்ணையிலும் கேட்ட கேள்வியே கடல் கடந்து போயிருக்கிறது. நாயில் சாதியில்லையா, மாவில் சாதியில்லையா, நெல்லில் சாதியில்லையா என்பார்கள். கேட்பவர் சாமர்த்தியமாகக் கேட்டு விட்டதாக எண்ணுவார். நம்மவர் தலை குனிந்து எழுந்து போவர். ஆகவே குதிரையையே சாட்சியாக அழைத்து விசாரிப்போம்.

தூய இரத்தம் என்று ஆங்கிலேயர் போற்றும் பந்தயக் குதிரை இனம், ஆதியில் எங்கிருந்து வந்தது? இன்றுள்ள அவ்வினத்துக் குதிரைகள் யாவும், தந்தை வழியில், பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கீழ்த்திசையிலிருந்து கொண்டு வரப்பட்ட மூன்றே ஆண் குதிரைகளில் முடிகின்றன. அவற்றுள் ஒன்று 1704ஆம் ஆண்டு சிரியா தேசத்து அலெப்போ நகரிலிருந்து வந்தது. அந்நியக் குதிரைகளும் உள்நாட்டுப் பெண் குதிரைகளும் கலந்து பிறந்ததே இத்தூய இரத்தம். 1791ஆம் ஆண்டில் இவற்றின் வமிசாவளியை ஒரு புத்தகமாக அச்சிட்டனர். அன்று தொடங்கிப் புத்தகத்தில் இருப்பது தூயது, இல்லாதது தூயதன்று என்றாயிற்று. கலப்பு முதலில் நிகழ்ந்தது. தூய்மை பின்னர் எழுதப்பட்டது. இதனை வாசித்தபோது, ஆலையில் இரவுப் பணி முடிந்து நூலகத்தில் உட்கார்ந்து பண்டிதர் அயோத்திதாசர் எழுதியவற்றை எழுத்தெழுத்தாகப் படித்த நாட்கள் நமக்கு நினைவு வந்தன.

புத்தகம் எழுதியவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 1913ஆம் ஆண்டில், ஜெர்சிப் பிரபு என்பவரின் முயற்சியால் ஒரு விதி செய்தனர். முன்னோர் அனைவரும் ஏற்கெனவே அப்புத்தகத்தில் இடம்பெற்றிருந்தால் ஒழிய இனி எந்தக் குதிரைக்கும் அதில் இடமில்லை என்பது அவ்விதி. அமெரிக்கக் குதிரைகள் பல இதனால் அரை இரத்தம் என்று விலக்கப்பட்டன. மறு ஆண்டே, 1914இல், அவ்விதியின்படி அரை இரத்தமாகிய டர்பார் என்னும் குதிரை எப்சம் களத்தில் டெர்பிப் பந்தயத்தை வென்றது. 1938இல் பேட்டில்ஷிப் என்னும் சிறிய உருவுடைய அமெரிக்கக் குதிரை, முப்பது வேலிகளைத் தாண்டும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது. அதன் தந்தையும் அவ்விதியின்படி புத்தகத்துக்குப் புறம்பானதே. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முதன்மையான பந்தயங்களுள் இரண்டை மை பாபு, பிளாக் டார்க்வின் என்னும் இரு அரை இரத்தங்கள் வென்றன. 1949இல் விதியை நீக்கிக் கொண்டனர். முப்பத்தாறு ஆண்டுகள்! நம் நாட்டுப் புத்தகம் ஈராயிரம் ஆண்டாயினும் அசையவில்லை. அவர்களுடையது முப்பத்தாறு ஆண்டில் தோற்றது. காரணம் எளிது. குதிரையை ஓட விட்டார்கள். ஓடிய குதிரை புத்தகத்தைப் பொய்யாக்கிற்று.

பிரெஞ்சு தேசத்திலோ இதனினும் வியப்பான செய்தி உண்டு. அங்கே தாண்டு பந்தயத்திற்கென வளர்க்கும் ஒரு குதிரை வகைக்கு இட்ட பெயரே, ‘தூய இரத்தம் அல்லாதது’ என்பதாம். அது என்னவென்று கூறாமல், எதுவல்லவென்று கூறும் பெயர். அவர்ணர் என்றும் பஞ்சமர் என்றும் எதிர்மறையாலும் மிச்சத்தாலும் நம்மை அழைத்தவர்களை இங்கே நினைத்துக் கொள்க. அவ்வகையிற் பிறந்த தி ஃபெல்லோ என்னும் குதிரை, இங்கிலாந்தின் செல்டனம் நகரில் தங்கக் கோப்பைப் பந்தயத்தில் 1991இலும் 1992இலும் மூக்கு நுனி அளவில் தோற்று, 1994இல் வென்றது. தாண்டு பந்தயத்தில் அதற்கு மேலான பரிசு இல்லையென்பர். இன்று ஆங்கிலேயரும் அயர்லாந்தாரும் பிரான்சுக்குச் சென்று, தூய இரத்தம் அல்லாதவற்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வருகின்றனர்.

பிறப்பைப் பார்த்து விலை கட்டியவர்கள் ஏமாந்த கதைகள் பல. சமதள ஓட்டத்தில் ஒன்று கூறுவோம். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரீன் மங்கி என்னும் இரண்டு வயதுக் குதிரை 1 கோடியே 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அது மூன்றே பந்தயங்களில் ஓடியது, ஒன்றிலும் வெல்லவில்லை. மறுபுறம் ரெட் ரம் என்னும் குதிரையைப் பாருங்கள். அயர்லாந்தில் பிறந்த அதனை ஒரு வயதில் 400 கினிக்கு வாங்கினர். கினி என்பது ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும் சேர்ந்த பழைய கணக்கு. குதிரை ஏலத்தில் இன்றும் வழக்கில் உள்ளது. அதன் பிறப்பைப் பார்த்தவர்கள் இது குறுகிய தூரம் விரைந்தோடும் சாதி என்றார்கள். அவ்வண்ணமே இரண்டு வயதில் ஐந்து பர்லாங்குப் பந்தயத்தில் ஓட விட்டனர். கை மாறி, மாறி, 1972ஆம் ஆண்டு 6,000 கினிக்கு, மோட்டார் வண்டி விற்றுப் பிழைத்த ஜிஞ்சர் மக்கேன் என்னும் பழக்குநரிடம் வந்து சேர்ந்தபோது, அதன் குளம்பெலும்பில் தீராத நோய் இருந்தது. அவர் அதனைக் கடற்கரை மணலில் ஓட்டினார். உப்பு நீரில் நடத்தினார். நாலே கால் மைலுக்கும் மேற்பட்ட கிராண்ட் நேஷனல் பந்தயத்தை அக்குதிரை 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாவதாக வந்தது. மும்முறை வென்ற குதிரை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டைகர் ரோல் என்னும் குதிரையோ சமதளப் பந்தயத்திற்கென்று அரச வளம் பொருந்திய பண்ணையில் வளர்க்கப்பட்டது. 2013இல் அங்கே வேண்டாமென்று 10,000 பவுனுக்குத் தள்ளி விடப்பட்டது. 2018, 2019 ஆண்டுகளில் அதுவே கிராண்ட் நேஷனல் வென்றது.

1973ஆம் ஆண்டுப் பந்தயத்தைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறோம். அதில் ரெட் ரம்மிடம் முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிஸ்ப் என்னும் குதிரை. பந்தயத்தின் பெரும்பகுதியில் அதுவே முன்னே ஓடியது. ஆயினும் அதன் முதுகில் ரெட் ரம்மின் சுமையினும் 23 இராத்தல் மிகுதியான சுமை ஏற்றப்பட்டிருந்தது. ஏனெனில், அத்தகைய பந்தயத்தில் வல்லமை மிகுந்த குதிரைக்குச் சுமை மிகுதி. மெலிந்ததற்குச் சுமை குறைவு. அப்பொழுதுதான் ஓட்டம் நேர்மையானது என்பது அவர்தம் விதி. சலுகை கொடுத்தால் திறமை அழிந்து விடும் என்று நம்மைப் பார்த்துப் பேசுகிறவர்கள், பந்தயத்துக்குச் செல்லும் நாளில் இதனையும் கவனித்து வரலாம். இந்நாட்டில் சுமை யார் முதுகில் ஏற்றப்பட்டது என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

எனினும் எதிராளியின் வாதத்தில் ஒரு பங்கு உண்மை உண்டு; அதனை அவருக்கு விட்டுக் கொடுப்போம். வண்டி இழுக்கும் குதிரையைக் கொண்டு போய்ப் பந்தயத்தில் நிறுத்தினால் அது வெல்லாது. முந்நூறு ஆண்டுகளாக விரைந்தோடுவனவற்றையே இணை சேர்த்து வந்தமையால், ஓட்டம் அவற்றின் உடலில் ஓரளவு ஊறியிருக்கிறது. இதனை மறுப்பது அறியாமை. ஆனால் அது எவ்வாறு ஊறிற்று? ஒவ்வொரு தலைமுறையிலும் ஓட விட்டு, வென்றதை வைத்துக்கொண்டு, தோற்றதை விலக்கினர். சாதி செய்தவர் எந்தத் தலைமுறையில் யாரை ஓட விட்டார்? பிராமணன் பிள்ளையையும் பறையன் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஒரே புத்தகத்தைக் கையிற் கொடுத்து, யார் கற்கிறார் என்று எந்த அரசன் பார்த்தான்? ஓட்டமே நடவாத களத்தில் பரிசு மட்டும் வழிவழியாகக் கொடுக்கப்பட்டு வந்தது. குதிரை வளர்ப்பவன் இவ்வாறு செய்திருந்தால் ஒரே தலைமுறையில் ஓட்டாண்டியாகியிருப்பான்.

நமக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறோம். பம்பாய் நூற்பாலைகளில் நம் மக்களுக்கு நூற்கும் பிரிவில் இடம் இருந்தது. கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் இடம் இருக்கவில்லை. நாடாவில் நூல் தீர்ந்தால் புது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. தீண்டப்படாதவன் வாய் பட்ட நாடாவை நாங்கள் தொடோம் என்றனர் மற்றத் தொழிலாளர். 1928ஆம் ஆண்டுப் பெரிய வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினார். அவர்களுள் எத்தனை பேர் சிறந்த நெசவாளராக இருந்திருப்பர் என்பதை இனி யாரும் அறிய இயலாது. தறியருகே விட்டால் அன்றோ அறிவதற்கு!

வாசெட்டர், பாரத்வாசர் என்னும் இரு பிராமண இளைஞர், இச்சானங்கலம் என்னும் ஊரில், பிறப்பால் பிராமணனா, செயலால் பிராமணனா என்று தர்க்கித்துப் பகவானிடம் சென்ற வரலாறு சுத்த நிபாதத்தில் உள்ளது. புல்லிலும் மரத்திலும் பூச்சியிலும் நாற்காலிலும் பறவையிலும் பிறப்பினால் அமைந்த இன அடையாளங்கள் உண்டு. மனிதரிடத்தில் மயிரிலோ காதிலோ கையிலோ அத்தகைய அடையாளம் இல்லை என்று பகவான் அவர்களுக்குக் காட்டினார். இதனை வைத்தே சிலர், மிருகங்களுக்குச் சாதி உண்டென்று புத்தரே ஒப்பினார் என்று மடக்க வருவர். பகவான் கூறியது குதிரை வேறு, பசு வேறு என்னும் வேற்றுமை. குதிரைக்குள் குதிரை உயர்வு என்பதன்று. அவ்வுயர்வைத் தேடிச் சென்ற வெள்ளைக்காரனின் புத்தகம் என்னாயிற்று என்பதை மேலே கண்டோம்.

தாண்டு குதிரையைப் பற்றி இன்னும் ஒன்று நம் மனத்தில் தைத்தது. இப்பந்தயத்திற்கென்று வாங்கப்படும் ஆண் குட்டிகளுட் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. சமதளத்தில் வென்ற குதிரை பின்னாளில் பொலிகுதிரையாகிச் சொந்தக்காரருக்குப் பொன் மழை பெய்விக்கும். தாண்டு குதிரைக்கு அது இல்லை. ரெட் ரம்முக்கும் பிள்ளை இல்லை; டைகர் ரோலுக்கும் பிள்ளை இல்லை. அதன் மதிப்பு அதன் கால்களோடு தொடங்கி அதன் கால்களோடு முடிகிறது. தகப்பன் பெயரால் அதனை வாங்குகிறார்கள். அதன் பெயரால் வேறொன்றை விற்க இயலாது. ஒவ்வொரு வேலியின் முன்னும் அது தனியே வந்து சேர்கிறது; அங்கே பட்டியலின் தடித்த எழுத்து அதனைத் தூக்கிவிடுவதில்லை.

இரண்டாவது கேள்வி இதனினும் கடினமானது. “உயிரை விலை கூறும் இடத்தில் கயிறு பிடித்து நிற்கிறேன். இது நற்சீவனம் ஆகுமா?” என்று பிள்ளை கேட்டார்.

உபாசகன் செய்யலாகாத வாணிபம் ஐந்து என்று பகவான் வகுத்தார்: ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு. இரண்டாவதாகிய உயிர் வாணிபம் என்பதற்கு, மனிதரை விற்றல் என்றே பழைய உரைகாரர் பொருள் கூறினர். அவ்வுரையை வாசிக்கும்போது நமக்கு வேறு நினைவு எழுகிறது. தமிழ்நாட்டிலும் மலையாளத்திலும் நம் முன்னோர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர். அதற்கென ஓலைகள் எழுதப்பட்டன. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்திற்குப் பிறகே அடிமை மீது கொண்ட உரிமை கச்சேரியில் செல்லாதாயிற்று. பல்லையும் காலையும் பார்த்து விலை கட்டும் களத்தில் நம் குலத்துப் பிள்ளை கயிறு பிடித்து நிற்கையில் நெஞ்சு உறுத்தினால், அவ்வுறுத்தல் பழைய கடன். அதனை நாம் ஆற்ற விரும்பவில்லை.

குதிரை வாங்கும் பைத்தியம் வெள்ளைக்காரனுக்கு மட்டும் உரியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் வணிகர், அரேபியாவிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் ஆயிரக்கணக்கான குதிரைகளை இங்குள்ள அரசர் பெருவிலை கொடுத்து வாங்கினர் என்றும், பேணத் தெரியாமையால் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதி வைத்தார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்று கோயில் கட்டியவரின் கதையும், நரிகள் பரிகளான கதையும் நாம் அறிந்தவையே. (அக்கதையில் ஈழத்துப் பௌத்தரை வாதில் வென்றதாகவும் ஒரு பகுதி உண்டு, அதனை வேறொரு நாள் கவனிப்போம்.) வாங்கிய குதிரைகள் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு மார்க்கோ போலோ கூறும் காரணம் நரியினும் நம்பத்தக்கது.

இன்றும் அப்படித்தானோ என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் தாண்டு பந்தயங்களில் ஆயிரம் குதிரைகள் களமிறங்கினால் ஏறத்தாழ நான்கு திரும்புவதில்லை. 2012ஆம் ஆண்டு கிராண்ட் நேஷனலில் இரண்டு குதிரைகள் மாண்டன. அவற்றுள் ஒன்று அதே ஆண்டு செல்டனத்தில் தங்கக் கோப்பை வென்றது. மறு ஆண்டு வேலிகளின் உள்ளே இருந்த மரத்தை நீக்கி வளையும் பிளாஸ்டிக் வைத்தனர். 2024இல் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை நாற்பதிலிருந்து முப்பத்து நான்காகக் குறைத்தனர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமோ 1997ஆம் ஆண்டிலேயே தாண்டு பந்தயத்தைத் தடை செய்து விட்டது. ஓடி முடித்தவற்றின் கதியும் உண்டு. 2024ஆம் ஆண்டு அயர்லாந்துத் தேசியத் தொலைக்காட்சி, குதிரைகளை அறுக்கும் கூடத்தில் அவை அடித்துத் துன்புறுத்தப்பட்டதைப் படம் பிடித்துக் காட்டியது. குதிரைகளின் அடையாளத்தை மாற்றி இறைச்சிக்கு அனுப்பினர் என்றும் குற்றஞ்சாட்டியது. ஒரு நாள் விலைக்கும் மறுநாள் எடைக்கும் விற்கப்படுவது ஒரே உடல்.

ஆகவே விலை கூறி வாங்கி விற்பவனின் தொழிலைப் பௌத்தனுக்கு ஏற்றதென்று நாம் கூற மாட்டோம். உரைகாரர் மனிதரோடு நிறுத்தினார். முதற்சீலமோ மனிதரோடு நிற்கவில்லை. ஆனால் தண்ணீர் காட்டி, குளம்பு கழுவி, இரவில் வயிற்று வலி கண்ட குதிரையோடு விழித்திருப்பவன் விற்பவன் அல்லன். அவன் கூலியும் அதே பையிலிருந்து வருகிறதே எனில், வருகிறது, மறைப்பதற்கில்லை. நாம் ஆலையில் இருந்த நாட்களில் காக்கித் துணிக்கு நூல் நூற்றோம். அத்துணி எந்தப் படைக்குச் சென்றது, அப்படை எங்கே சென்றது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கூலிக்காரன் முற்றும் தூய கையோடு சோறு உண்ணும் உலகத்தை இன்னும் யாரும் கட்டவில்லை. அதனால் எதுவும் செய்யலாம் என்று ஆகிவிடாது. கை எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்பதை அவனவன் அறிந்திருக்க வேண்டும்.

கேசி என்னும் குதிரை பழக்குபவன் பகவானிடம் வந்தபோது, குதிரையை எவ்வாறு பழக்குகிறாய் என்று அவர் கேட்டார். மென்மையாகவும், கடுமையாகவும், இரண்டும் கலந்தும் பழக்குவேன். எதற்கும் பணியாததைக் கொன்று விடுவேன், இல்லையேல் என் குருவின் பெயர் கெடும் என்றான் அவன். தாமும் அவ்வாறே என்றார் பகவான். கொல்லாமையை உபதேசிப்பவர் எவ்வாறு கொல்வார் என்று அவன் திகைக்க, திருத்த இயலாதவனைப் பேசத் தக்கவன் என்று கருதாமல் விடுவதே தம் மார்க்கத்தில் கொலை என்று விளக்கினார். நம் சங்கத்துச் சொற்பொழிவுகளில் இதனைப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். ஆனால் குதிரையின் பக்கம் நின்று நினைத்ததில்லை. கேசியின் தொழிலைப் பகவான் இகழவில்லை. அவன் விற்ற விலையையும் கேட்கவில்லை. எப்படிப் பழக்குகிறாய் என்ற ஒன்றைத்தான் கேட்டார். அக்கேள்வியையே நாமும் பிள்ளைக்குத் திருப்பி எழுதினோம்: தம்பி, கோபத்தில் சாட்டையை எடுக்கிறாயா? கால் நொண்டுவதைக் கண்டால், வேலை போய் விடும் என்று வாயை மூடிக் கொள்கிறாயா? பொய்க் காகிதத்தோடு குதிரையை வண்டியில் ஏற்றச் சொன்னால் ஏற்றுவாயா?

சித்தார்த்தர் அரண்மனையை விட்டு நீங்கிய இரவில் அவரைச் சுமந்து அநோமை ஆற்றை ஒரே தாவலில் தாண்டியது கந்தகன் என்னும் குதிரை. கயிறு பிடித்து உடன் சென்றவன் சன்னன் என்னும் ஊழியன். அக்குதிரையின் விலை என்ன என்று எந்த நூலும் எழுதவில்லை. எசமானரைப் பிரிந்த துயரத்தில் அது இறந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறது. சன்னன் பின்னாளில் சங்கத்தில் சேர்ந்தான்.

நம் மறுமொழி கிடைத்த பின் பிள்ளையிடமிருந்து இன்னொரு கடிதம் வந்துள்ளது. அந்த இந்தியரிடம் 1913ஆம் ஆண்டு விதியையும் 1949ஆம் ஆண்டையும் எடுத்துக் கூறினாராம். அவர் பேச்சை மாற்றி விட்டாராம். மூன்று கேள்விகளுள் முதலாவதற்கு ‘ஒரு முறை எடுத்தேன்’ என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். இரண்டாவதற்கு விடையளிக்கவில்லை. மூன்றாவதற்கு, ‘ஏற்ற மாட்டேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். ஏலத்தில் விலை போகாத அக்குட்டி அன்று மாலையே லாயத்துக்குத் திரும்பி விட்டது. பட்டியலில் பெயரில்லாத அதற்கு அவர் ‘சின்னான்’ என்று பெயரிட்டிருக்கிறார். அயர்லாந்துக்காரரும் இப்போது அப்பெயராலேயே அழைக்கின்றனராம். சின்னான் புல்வெளியில் நிற்பதாகவும், அடுத்த மாதம் சேணம் பழக்கத் தொடங்குவர் என்றும், அதன் வாயில் முதற் கடிவாளத்தைத் தாமே மாட்டுவதற்கு அனுமதி கேட்டிருப்பதாகவும் எழுதியுள்ளார்.